கொழுப்பு நீக்கிய பன்றி இறைச்சி

"எங்கட சனம் பண்டி இறைச்சி சாப்பிடுறேல்லை" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர், அதற்கு முந்திய நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, என் வீட்டுக் குசினியில் நின்று அதே இறைச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். சட்டியின் அடியில் ஒட்டிக் கிடந்ததைப் பாண் துண்டால் வழித்தார், அதையும் விடவில்லை. செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று என் கணவர் கேட்கிறார். அவர் உயிரோடு இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். எழுத வேண்டிய தேவையும் வந்திராது.

அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. என் கணவருடைய ஊர்க்காரர் ஒருவருக்கு ஏதோ வழியில் மைத்துனர், அவ்வளவுதான். ஆனால் எண்பத்தைந்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒற்றைச் சூட்கேசோடு லண்டனில் வந்து இறங்கியபோது எங்களுக்காக விமான நிலையத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். கையில் எனக்கென்று ஒரு கம்பளிக் கோட்டு வைத்திருந்தார். அது அவருடைய மனைவியின் கோட்டு. லூயிஷாமில் இருந்த தன் வீட்டின் முன்னறையை எங்களுக்கு ஒழித்துத் தந்தார். நாங்கள் வேதக்காரர், பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். அவர்கள் சைவ சமயக்காரர். "அதெல்லாம் ஊரோட போச்சுது தங்கச்சி, இஞ்ச எல்லாரும் ஒண்டுதான்" என்று முதல் நாளே காருக்குள் சொன்னார். நான் நம்பினேன். கோட்டுக்குள் நல்ல சூடாக இருந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அதிகம் பேசாத பெண். வெள்ளிக்கிழமையானால் அந்த வீட்டில் மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும்; சைவச் சட்டிகள் அடுப்பில் ஏறும். மற்ற நாட்களில் ஆடு, கோழி, மீன், நண்டு, கணவாய் எதற்கும் குறைவில்லை. மாடும் பன்றியும் மட்டும் வாசற்படி தாண்டக்கூடாது. யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம். அங்கே இருந்த காலம் முழுவதும் நானும் அதைக் காய்ச்சவில்லை, கேட்கவுமில்லை. ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டு முறையோடு இருக்கவேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

பிறகு அதே லூயிஷாமில் எங்களுக்கு நகரசபை வாடகைக்குத் தருகிற கவுன்சில் வீடு ஒன்று கிடைத்தது. அங்கே வந்த முதல் நத்தாருக்குத்தான் பன்றிக் கறி காய்ச்சினேன். எங்கள் ஊரில் நத்தார் என்றால் அந்தக் கறிதான் நத்தார். வறுத்து இடித்த தூள், கறுவாப் பட்டை, நிறைய வினாகிரி, தேங்காய்ப்பால் ஒரு துளியும் இல்லை. கறுத்து, சுருண்டு வரவேண்டும். அண்ணை பிற்பகல் கேக்கோடு வந்தார், தனியாக. மார்கழியில் அக்காவுக்குப் பிள்ளையார் பெருங்கதை விரதம். அது முடிந்த கையோடு திருவெம்பாவை வந்துவிடும். மச்சம் காய்ச்சுகிற வீட்டுக்கு அந்த நாட்களில் அக்கா வரமாட்டார். நான் அண்ணைக்கென்று கோழி தனியாகச் சமைத்து வைத்திருந்தேன். அவர் கோழியைப் பார்க்கவேயில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு நேரே மற்றச் சட்டிக்குப் போனார்.

"அண்ணை, அது வந்து..."

"நான் கேக்கேல்லை, நீர் சொல்லவும் வேண்டாம்" என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார்.

நானும் என் கணவரும் சிரித்த சிரிப்பில் அன்றைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்துக் கையைச் சோப்புப் போட்டு மூன்று நாலு தரம் கழுவினார். ஏலக்காய் கேட்டு வாங்கிச் சப்பினார். வீட்டுக்கு நேரே போகாமல் பார்க்கைச் சுற்றி நடந்து போனார். அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். பெருங்கதை விரதம் எப்போது தொடங்குகிறது என்று கோவில் ஐயருக்கு அடுத்தபடி லண்டனில் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவர் அண்ணையாகத்தான் இருப்பார்.

அந்த நாட்களில் எனக்கு அது வெறும் பகிடிதான். இதில் ஒரு உயிர் மாட்டும் என்று யார் நினைத்தார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணைக்கு மாரடைப்பு வந்தது. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்துவிட்டார். பிழைத்தார். நான் அப்போது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். ஊரில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் கையால்கூடத் தொடவில்லை. சில வருடம் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தேன். அதற்குப் பிறகு தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, படிப்புக்காக அல்ல, அந்த வேலை தந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அண்ணையும் அக்காவும் உணவு ஆலோசகரைப் பார்க்க வந்த நாளில் நடுவே உட்கார்ந்தவள் நான்தான். ஆலோசகர் ஸ்கொட்லாந்துக்காரி, முகமெல்லாம் புள்ளி விழுந்த இளம்பெண், நல்ல பிள்ளை. மேசை நிறையப் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாடு பரப்பி வைத்திருந்தாள். பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் பட்டாணி, பிளாஸ்டிக் உருளைக்கிழங்கு. சோறு மட்டும் இல்லை. வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். ஆட்டிறைச்சிக் குழம்பும் தேங்காய்ப்பாலும் வந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்தினாள்.

பிறகு விளக்கத் தொடங்கினாள். இறைச்சியை விடவேண்டியதில்லை, எந்த இறைச்சி, எந்தத் துண்டு என்பதுதான் விஷயம். ஆட்டின் கொழுப்பு சதைக்குள்ளேயே ஓடிக் கிடக்கும், முழுவதையும் எடுக்க முடியாது. பன்றியின் கொழுப்போ பெரும்பாலும் வெளியே ஒரு பட்டையாக நிற்கும். கத்தி வைத்தால் கழன்று வந்துவிடும். அதை நீக்கிய தொடைத் துண்டும் முதுகுச் சதையும் தோலுரித்த கோழிக்குக் கிட்டத்தட்டச் சமம். நல்ல புரதம் இருக்கிறது, துத்தநாகமும் பி12 உயிர்ச்சத்தும் இருக்கின்றன. முக்கியமாக பி1. தீட்டிய வெள்ளை அரிசியை மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவாகத்தான் கிடைக்கும். சாதாரணமாக நாங்கள் வாங்குகிற இறைச்சிகளில் அது நிறைய இருப்பது பன்றியில்தான். ஆனால் பேக்கன், ஹாம், சோசேஜ் ஒன்றும் இந்தக் கணக்கில் வராது, அவற்றில் உப்பும் கொழுப்பும் கொட்டிக் கிடக்கின்றன. உள்ளங்கை அளவு துண்டு, எண்ணெயில் பொரிக்காமல், நன்றாக வேகவைத்து. சொல்லிவிட்டு அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையின் பூட்டைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்.

"நாங்கள் அது தொடுறேல்லை எண்டு சொல்லும், தங்கச்சி" என்றார் அண்ணை.

மொழிபெயர்ப்பவள் தன் கருத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. அவர்கள் அதைத் தொடுவதில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கோழிக்கும் மீனுக்கும் பருப்புக்கும் போய்விட்டாள். அதிலும் பிழையில்லை. பன்றி சாப்பிடாததால் உலகத்தில் யாரும் செத்ததில்லை. கோழியும் மீனும் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலே போதும்.

அவர் சாப்பிடவில்லை, அதுதான் சங்கதி. லண்டன் கோழிக்கு ருசியில்லை என்றார். மீன் உறைந்த மீன் என்றார். அவர் ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே எங்கள் சனம் ஆட்டெலும்புச் சூப்போடு வரிசையாகப் போனது. மாரடைப்பு வந்த மனிதருக்குப் பலம் வரவேண்டுமாம். மேலே ஒரு விரல் தடிப்பில் கொழுப்பு மிதக்கிற சூப்பு. நான் போயிருந்தபோது அக்கா அதைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கழுவுதொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிற நாட்களில் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிட்டுப் போவார். தொடைத் துண்டு வாங்கி, வெள்ளை தெரிகிற இடமெல்லாம் வெட்டி எறிந்து, கோழியும் தோற்றுப்போகிற மாதிரி மெலிந்த கறி காய்ச்சி வைப்பேன். முதல் தரம் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன தங்கச்சி, இந்தப் பண்டிக்கும் டொக்டர் டயற் சொன்னவரோ?" என்றார். பிறகு பழகிவிட்டார். "வினாகிரி பிடிச்சால் இதுவும் நல்லாத்தான் கிடக்கு" என்பார். வீட்டில் அவருக்கு இறைச்சி ஆசை வந்தால் ஆட்டைத் தேடாமல் என்னைத் தேடி வந்தார். அந்த வருடம் அவருடைய இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. ஆலோசகப் பெண் மகிழ்ந்துபோய் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். "மரக்கறி" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவள்தான் பிறகு தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம் என்று என்னிடம் கேட்டாள். நெஞ்சுவலியோடும் சீனி வருத்தத்தோடும் வருகிற தமிழர் கூடிக்கொண்டு போகிறார்கள், எல்லாருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லி அலுக்கிறது என்றாள். மாட்டு நோய்ப் பயத்தில் நாடே மாட்டிறைச்சியைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. எந்த இறைச்சி சாப்பிடலாம் என்று எல்லாரும் கேட்டார்கள். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் அச்சடித்துக் கடைகளிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் கொடுக்கும் என்று ஏற்பாடு. நான் எழுதினேன். பன்றியைப் பற்றியும் ஒரு பந்தி எழுதினேன். எங்கள் தேவாலயப் பங்குச் சனத்தில் முக்கால்வாசிப் பேர் அதைச் சாப்பிடுகிறவர்கள், அதுவும் தோலும் கொழுப்புமாகச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு யார் சொல்வது? "கொழுப்பு முழுவதும் வெட்டி நீக்கிய பன்றி இறைச்சி தோலுரித்த கோழியைப் போன்றது. பி1 உயிர்ச்சத்து மற்ற இறைச்சிகளைவிட இதில் அதிகம். உள்ளங்கை அளவில் கிழமைக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடலாம்." இதுதான் நான் எழுதியது.

சங்கக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைவர் கணக்காளர், எங்களுக்கெல்லாம் முன்னமே லண்டனுக்கு வந்தவர், கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. அண்ணை அப்போது சங்கத்தின் செயலாளர். தலைவர் பிரசுரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவர் அந்தப் பந்தியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைக் கோவில் வாசல்லையும் குடுக்கப்போறமோ?" என்று கேட்டார்.

என்னோடு ஒரே தேவாலயத்துக்கு வருகிறவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். இருவர் வீட்டிலும் நத்தாருக்கு என்ன காய்ச்சுவார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரிக் குனிந்துவிட்டார்கள். அப்போதுதான் அண்ணை எழும்பினார். ஒருவரும் கேட்காமலே எழும்பினார். எங்கட சனம் பண்டி இறைச்சி சாப்பிடுறேல்லை என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

"ஆர் எங்கட சனம், அண்ணை? நாங்கள் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லேல்லை, தங்கச்சி. பொதுவில போடுறது எண்டால் நாலு பேர் பாக்கிறது."

"அப்ப அந்தப் பந்தியைத் தூக்கிவிடுங்கோ. நான் மறுக்கேல்லை."

தூக்கியிருந்தால் தொல்லை முடிந்திருக்கும். ஆனால் தூக்கினால் பக்கத்தின் நடுவில் இடம் வெறுமையாகக் கிடக்கும் என்றார் தலைவர். இறைச்சி ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சனம் நினைத்துவிடும் என்றும் சொன்னார். அண்ணைதான் அதற்கு வழி கண்டுபிடித்தார். "பண்டி எண்டுற இடத்தில ஆடு எண்டு போட்டால் போதும். மிச்சம் அப்பிடியே இருக்கட்டும்."

நான் எழுந்து நின்றே கத்தினேன். ஆடு என்று போட்டால் மிச்சம் அத்தனையும் பொய்யாகிவிடும், ஆட்டுக் கொழுப்பை அப்படி வெட்டியெடுக்க ஏலாது, இது நெஞ்சு வருத்தக்காரர் வாசிக்கப்போகிற தாள் என்றேன். "இறைச்சி எண்டால் இறைச்சிதானே, தங்கச்சி" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்கிற குரலில். கை தூக்கச் சொன்னார். என்னைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது. தேத்தண்ணிக் கோப்பைக்காரர் இருவரும்கூடத் தூக்கினார்கள். அண்ணை என்னைப் பார்க்காமல் தூக்கினார்.

அவர் என் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். நான் சொல்லவில்லை. விமான நிலையத்தில் கோட்டோடு நின்ற மனிதரைச் சபையில் உரித்துவிட எனக்கு மனம் வரவில்லை, அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

மறுநாளே ஆலோசகப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடக்கூடாது என்று மட்டும்தான் அவளால் தடுக்க முடிந்தது. பிரசுரம் வந்தது. மஞ்சள் தாளில், நடுவே ஒரு ஆட்டின் படத்தோடு. எங்கள் இறைச்சிக் கடைக்காரர் அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டினார். பங்கு போட்டு ஆடு வாங்குகிறவர்கள் சனிக்கிழமைகளில் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டார்கள். ஆட்டில் பி1 இருக்காம், கோழி மாதிரியாம், சங்கமே சொல்லுதாம். கொழுப்பில்லாத ஆட்டிறைச்சி கேட்டால் அதே கடைக்காரர் சிரிப்பார். தெரிந்த ஆள் என்றால் அன்புக்கு ஒரு துண்டுக் கொழுப்பைக் கூடப் போட்டுத் தருகிற மனிதர் அவர். அது இல்லாமல் குழம்பு குழம்பாக வராது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். தன் கணவர் செயலாளராக இருந்து வெளியிட்ட தாள். எழுத்துக்கு எழுத்து அதன்படி நடந்தார். தேங்காய்ப்பாலை நிறுத்தினார், உப்பைக் குறைத்தார், கிழமைக்கு மூன்று முறை உள்ளங்கையளவு ஆட்டிறைச்சி வைத்தார். அண்ணை உள்ளங்கையைப் பெரிதாக விரித்துக் காட்டினார்.

எங்கள் வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டார். முதலில் நேரமில்லை என்றார். பிறகு அவரைக் கோவில் நிர்வாகத்துக்குள்ளும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நத்தாருக்கும் வரவில்லை. கேக் மட்டும் யார் கையிலாவது கொடுத்துவிடுவார். கடைத்தெருவில் ஒருநாள் மறித்துக் கேட்டேன்.

"அண்ணை, இந்த ஆட்டை விடுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே அது என்ன பந்தி எண்டு."

"அவ்வளவு கூடாதோ? அச்சிலயும் கிடக்குதே, தங்கச்சி."

"உங்கட வாயால வந்த அச்சு, அண்ணை."

அவர் சிரித்தார். ஆனால் கண்ணில் ஒரு சந்தேகம் தெரிந்தது. உண்மையாகவே அவர் அதைக் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தார். தன் கையால் மாற்றிய பொய்யை மஞ்சள் தாளில் பார்த்துப் பார்த்து, ஊர் முழுக்கச் சொல்லக் கேட்டுக் கேட்டு நம்பியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தெருவில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவிடமும் போய்ச் சொன்னேன். ஆட்டைக் குறையுங்கோ அக்கா, தாளை நம்பாதேங்கோ என்றேன். "நான் குறைச்சால் அவர் கடையில போய் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கித் தின்னுறார். வீட்டில எண்டால் கொழுப்பையாவது வெட்டுறன்" என்றார். வெட்டிய கொழுப்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது. பாவம், கத்திக்கு எட்டின அளவு.

ஆடுதான் அண்ணையைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. சிகரெட்டை அவர் முழுதாக விடவில்லை, ஷிப்ட் வேலையில் நித்திரை இல்லை, அவருடைய தகப்பனும் அதே வயதில் நெஞ்சு நோவில் போனவர். ஆனால் நல்லபடி இறங்கிவந்த அந்த இரத்தப் பரிசோதனை மறுபடி ஏறியதை மொழிபெயர்த்துச் சொன்னவள் நான். தொண்ணூற்றேழில் இரண்டாவது மாரடைப்பு வந்தது. கோவிலிலிருந்து வந்து காரை நிறுத்தியவர் இறங்கவில்லை.

எங்கள் ஊர்ச் சைவ சமயக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. எட்டுச் செலவு என்பார்கள். செத்தவருக்கு விருப்பமான சாப்பாடு எல்லாம் சமைத்து, அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். மச்சமும் வைக்கலாம், சாராயமும் வைக்கலாம். எது விருப்பமோ அது. இங்கே பிரேதம் கையில் கிடைக்கவே நாளெடுத்ததால் தகனத்திலிருந்து எண்ணி எட்டாம் நாள் வைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்னம் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"எட்டுக்கு எல்லாம் நான் காய்ச்சுவன். ஒண்டு மட்டும் நீங்கள்தான் கொண்டு வரோணும்."

"என்ன அக்கா?"

"நத்தாருக்குக் காய்ச்சுவியளே, அது."

தெரியாத மாதிரி ஏதோ சொல்லப் பார்த்தேன்.

"முதல் வருசமே எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "அவர் போட்டிருக்கிற சேட்டில வினாகிரியும் கறுவாவும் மணக்கும். எங்கட எந்தக் கறி அப்பிடி மணக்கும்? அந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஆஸ்பத்திரியில சொல்லேக்க அவர் கூரையைப் பாத்தார், நீங்கள் நிலத்தைப் பாத்தீங்கள். நான் பையைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தன், என்ர வாய் திறந்துபோயிடும் எண்டு."

"ஏன் அக்கா ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"அவர் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சொல்லியிருந்தால் வேற சட்டி ஒண்டு வாங்கி வைச்சுக் காய்ச்சிக் குடுத்திருப்பன். மூக்கைப் பொத்திக்கொண்டெண்டாலும் குடுத்திருப்பன். எனக்கு மனுசன்தானே வேணும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணையை வாய்விட்டுத் திட்டினேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்று என் கணவர் சொன்னார். அவரையும் திட்டினேன். யாருக்காக அத்தனையும்? யாருக்கு ஒளித்தாரோ அவருக்கு முதல் வருடமே தெரியும். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஊர் முழுக்க ஒரு பொய் அச்சடித்து, அதைத் தானே தின்று செத்தார்.

லூயிஷாம் சந்தையில் நான் எப்போதும் வாங்குகிற இறைச்சிக்காரருக்கு என்னைத் தெரியும். நான் கேட்காமலே தொடையை எடுத்துக் கொழுப்பில் கத்தியை வைத்தார். வேண்டாம், அப்படியே தா என்றேன். தொடையையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோளிலிருந்து தோலும் கொழுப்புமாக வாங்கினேன்.

எட்டன்று சங்கக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் துணி கட்டிய சட்டியோடு பின்கதவால் போகப் பார்த்தேன். அக்கா முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். சட்டியை வாங்கி, எல்லாருக்கும் நடுவே மூடியைத் திறந்து, இலையில் மற்றக் கறிகளுக்கு முன்னால் வைத்தார். வினாகிரி மணம் அறை முழுக்கப் பரவியது.

"அது என்ன கறி?" என்று கேட்டார் தலைவர்.

"பண்டி" என்றார் அக்கா. "அவருக்கு விருப்பம்."

தேத்தண்ணிக் கோப்பைக்காரர் இருவரும் அன்றைக்கும் வந்திருந்தார்கள், கையில் கோப்பை இல்லாததால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா அகப்பையால் ஒரு துண்டைத் தூக்கி இலையில் வைத்தார். வெள்ளைப் பட்டை தடிப்பாகத் தெரிந்தது.

"கொழுப்பு வெட்டேல்லையோ, பிள்ளை?"

"இல்லை, அக்கா."

"நல்லது" என்றார். "இனி அவருக்கு ஒண்டும் செய்யாது."

இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.